வைரஸ் அடங்கிய பிறகும் இதயம், கல்லீரல், நுரையீரலைச் சோதிக்க வேண்டுமா?

“அண்ணனுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. 46 வயது. கூட்டு மருந்தைத் தவறாமல் சாப்பிடுகிறார். வைரல் லோடு சோதனையில் வைரஸ் தென்படவே இல்லை. பிறகும் இதயம், கல்லீரல் என்று தனியாகச் சோதிக்க வேண்டுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டாயம் வேண்டும். எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையம் ஒன்றில் ஆலோசகராக இருக்கிறேன். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களைப் பொறுத்தவரை, இன்று நான் அதிகம் அஞ்சுவது மாரடைப்புக்குத்தான்.

மாத்திரை வைரஸ் பெருகுவதைத் தடுத்துவிடுகிறது. ஆனாலும் உடலுக்குள் லேசான அழற்சி ஓயாமல் நீடிக்கிறது. இரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிவதை அது விரைவுபடுத்துகிறது. மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. 2023இல் வெளியான ‘ரிப்ரீவ்’ ஆய்வில் இந்தியா உட்பட 12 நாடுகளைச் சேர்ந்த 7,769 பேர் பங்கேற்றார்கள், எல்லோரும் எச்.ஐ.வி. உள்ளவர்கள், 40 முதல் 75 வயதுக்காரர்கள். கொழுப்பைக் குறைக்கும் பிட்டாவாஸ்டாட்டின் மாத்திரையைத் தினமும் சாப்பிட்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைந்தன. அண்ணனின் வயதும் இந்த வரம்புக்குள் வருகிறது. இது தமக்குத் தேவையா என்று அவர் மருத்துவரிடம் கேட்கட்டும். புகைபிடிப்பவர் என்றால் முதலில் அதை விடட்டும். இதயம், நுரையீரல் இரண்டுக்குமே அதுதான் பெரிய உதவி.

நுரையீரலில் முதல் கவலை காசநோய். இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, இரவு வியர்வை, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே சொல்ல வேண்டும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், எச்.ஐ.வி. மருந்தான டோலுடெக்ராவிரின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். அதனால் டோலுடெக்ராவிரை இருவேளையாகக் கொடுப்பார்கள்.

கல்லீரலுக்கு ஹெபடைடிஸ் பி, சி சோதனைகள் முக்கியம். சி இருந்தால் பெரும்பாலானோருக்கு மூன்று மாத மாத்திரையில் குணமாகிவிடும். பி கதை வேறு. கூட்டு மருந்திலுள்ள டெனோஃபோவிர், லாமிவுடின் இரண்டும் அந்த வைரஸையும் சேர்த்தே அடக்குகின்றன. பி இருப்பவர் மருந்தைத் திடீரென நிறுத்தினால் கல்லீரல் கடுமையாக வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

இதற்கெல்லாம் மேலாக ஒன்று. பலர் மாத்திரை டப்பாவின் லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். இல்லையென்றால் மாத்திரைகளைப் பழைய வைட்டமின் டப்பாவுக்கு மாற்றிவிடுகிறார்கள். வீட்டில் யாருக்கும் தெரியக்கூடாதே என்ற பயம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நெஞ்சு வலியோடு வேறு மருத்துவமனைக்குப் போகும்போது அங்குள்ளவர்கள் அதை வைட்டமின் என்றே நினைப்பார்கள், அதனோடு ஒத்துப்போகாத மருந்தைக் கொடுத்துவிடலாம். நெஞ்செரிச்சலுக்கு நாமாக வாங்கிக் குடிக்கும் அமில முறிவு மருந்துகூட டோலுடெக்ராவிர் உடலில் சேர்வதைத் தடுக்கும். டோலுடெக்ராவிரை அமில முறிவு மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போதான் சாப்பிட வேண்டும். ரிட்டோனாவிர் சேர்ந்த எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுபவருக்குச் சிம்வாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. டோலுடெக்ராவிர் சாப்பிடுபவருக்குச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எழுதினாலும் அளவைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

எனவே இதய மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். எச்.ஐ.வி. இருப்பதைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. விவரத்தை ரகசியமாகக் காப்பதும் அவர்கள் கடமை. அண்ணன் சாப்பிடும் மருந்துகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதில் நோயின் பெயர் வேண்டாம், மருந்தின் பெயர்களே போதும். படிக்கிற மருத்துவருக்கு விளங்கிவிடும்.