மாணவர் பத்திரிகைக்குப் பக்கம் கட்டுவது எப்படி? வாசகர் கேள்வி பதில்

பெங்களூர்க் கல்லூரிகளில் தமிழ்ப் பத்திரிகை நடத்தும் பிள்ளைகளிடமிருந்து பக்க வடிவமைப்பு பற்றி வந்த நாலு கடிதங்களை இந்த வாரம் எடுத்துக்கொண்டேன். முதல் பதில் நீளம். மற்ற மூன்று பேரும் அதையும் சேர்த்துப் படித்துவிடுங்கள், உங்கள் சிக்கலுக்கும் பாதி விடை அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: ஐயா, எங்கள் கல்லூரித் தமிழ் மன்றம் சார்பில் ஏ4 அளவில் எட்டுப் பக்கப் பத்திரிகை கொண்டுவருகிறோம். இணையத்தில் கிடைத்த ஒரு ஆங்கில டெம்பிளேட்டில் ஐந்து காலம் (பக்கத்தை நெடுக்காகப் பிரிக்கும் பத்தி) இருந்தது, அதிலேயே தமிழைப் போட்டுவிட்டோம். சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாகத் தெரிகிறது, படிக்கவே முடியவில்லை. என்ன தப்பு செய்தோம்?
– இரண்டாம் ஆண்டு மாணவி, அல்சூர்

பதில்: தப்பு உங்களுடையது இல்லை அம்மா, அந்த டெம்பிளேட் தமிழை நினைத்துப் போட்டதே இல்லை. ஒரு ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். இரண்டு ஓரத்திலும் 12 விட்டால் மிச்சம் 186. ஐந்து காலம் போட்டு, நடுவில் 4 மில்லிமீட்டர் இடைவெளியும் விட்டால் ஒரு காலத்துக்குக் கிடைப்பது வெறும் 34. ஆங்கிலத்தில் அந்த அகலத்திலேயே நாலு சொல் உட்கார்ந்துவிடும், ஏனென்றால் நம்முடைய 'க்கு', 'இல்', 'உடன்' எல்லாம் அங்கே தனித்தனிச் சின்னச் சொல்லாக நிற்கும். நமக்கு எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். 'கேட்டுக்கொண்டிருந்தார்கள்' என்பது ஒரே சொல், 13 எழுத்து, 10 பாயின்ட் அளவு எழுத்தில் அது ஒன்றே கிட்டத்தட்ட ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த வரியில் இரண்டு சின்னச் சொல் வந்து, நீங்கள் இரண்டு ஓரமும் நேராக இருக்க வேண்டும் என்று ஜஸ்டிஃபை கொடுத்திருந்தால், ஒன்று இடது ஓரத்திலும் மற்றது வலது ஓரத்திலும் போய் ஒட்டிக்கொள்ளும். நடுவில் நீங்கள் பார்த்த அந்த ஓட்டை.

ஏ4 தாளில் தமிழுக்கு மூன்று காலம் போதும். இடைவெளி 5 மில்லிமீட்டர் வைத்தால் ஒரு காலம் 58, 59 மில்லிமீட்டர் வரும், வரிக்குச் சராசரியாக நாலு சொல் உட்காரும். ஜஸ்டிஃபையை எடுத்துவிட்டு இடது ஓரம் மட்டும் நேராக விடுங்கள் என்றுதான் நான் சொல்வேன், வலது ஓரம் கொஞ்சம் ஏற்ற இறக்கமாக இருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இல்லை, நாளிதழ் மாதிரி இரண்டு பக்கமும் நேராகத்தான் வேண்டும் என்றால் சொல்லை உடைக்கத் தயங்காதீர்கள். தமிழில் இணைப்புக்கோடு இல்லாமலே எழுத்துக்கு எழுத்து உடைக்கலாம், நாளிதழ்கள் எத்தனையோ வருடமாக அப்படித்தான் செய்கின்றன. இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள்: புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக் கூடாது, ஒற்றை எழுத்து மட்டும் அடுத்த வரிக்குத் தனியாகப் போய் விழக் கூடாது.

வரி இடைவெளியிலும் அந்த டெம்பிளேட் உங்களை மாட்டிவிட்டிருக்கும். 10 பாயின்ட் எழுத்துக்கு 12 பாயின்ட் இடைவெளி ஆங்கிலத்துக்குச் சரி. நம் எழுத்தில் மேலே 'கி', 'கீ' சுழி, கீழே 'நூ', 'ழு' வால். மேல் வரியின் வால் கீழ் வரியின் சுழியைத் தொட்டுவிட்டால் கண் தடுக்கும், எதனால் என்று வாசகருக்குத் தெரியாது, ஆனால் பாதியில் மூடிவைத்துவிடுவார். 14 பாயின்ட் வையுங்கள். நான் எந்தப் புது எழுத்துரு கைக்கு வந்தாலும் 'நூறு' என்று ஒரு வரியும் அதன் நேர்கீழே 'கீழ்' என்று ஒரு வரியும் அடித்து, பிரின்ட் எடுத்துப் பார்ப்பேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்து எந்த முடிவும் எடுக்காதீர்கள், தாளில் எடுத்து, படிக்கும் தூரத்தில் பிடித்துப் பாருங்கள்.

இப்போது இன்னொரு கணக்கு. 297 மில்லிமீட்டர் உயரத்தில் மேலும் கீழும் விட்டது போக 270 என்று வைத்தால், ஒரு காலத்துக்கு 54 வரி. மூன்று காலம், 162 வரி, வரிக்கு நாலு சொல், ஆக ஒரு பக்கம் முழுக்க எழுத்தாகவே நிரப்பினாலும் 650 சொல்தான். தலைப்பு, படம், விளம்பரம் போக 400 நின்றால் பெரிய விஷயம். இதை எழுதுகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 900 சொல்லில் கட்டுரை வந்து நிற்கும்போது எழுத்தை 8 பாயின்ட்டுக்குச் சுருக்கி உள்ளே தள்ளும் பழக்கம் மாணவர் பத்திரிகைகளில் எல்லா இடத்திலும் இருக்கிறது, தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். கட்டுரையை வெட்டுங்கள், எழுதியவர் கோபித்துக்கொண்டால் அவரையே பக்கத்தில் உட்காரவைத்து வெட்டச் சொல்லுங்கள்.

அப்புறம், கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னால் பென்சிலால் டம்மி போடுங்கள். எந்தச் செய்தி எங்கே, எத்தனை காலம், படம் எது, விளம்பரம் எந்த மூலை, எல்லாம் கட்டம் கட்டமாகத் தாளில் வரைந்து, ஆசிரியர் குழு மொத்தமும் பார்த்துச் சரி என்ற பிறகு உட்காருங்கள். மானிட்டர் முன்னால் நாலு பேர் நின்றுகொண்டு 'இதை மேலே தூக்கு, அதைக் கீழே போடு' என்று விடிய விடியக் கட்டிய பக்கம் எதுவும் உருப்பட்டு நான் பார்த்ததில்லை.

கேள்வி: எங்கள் முதல் பக்கத்தில் ஐந்து செய்தி இருந்தது, ஐந்தும் ஒரே மாதிரி தெரிந்தது. மெட்ரோ கட்டணம் ஏறியபோது 'பெங்களூரு மெட்ரோ ரயில் கட்டண உயர்வால் கல்லூரி மாணவ மாணவிகள் கடும் அவதி' என்று தலைப்பு போட்டோம். அது மூன்று வரிக்குப் போய்விட்டது.
– மாணவர், பையப்பனஹள்ளி

பதில்: தம்பி, ஐந்தும் முக்கியம் என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள், அது பக்கத்தில் அப்படியே தெரிந்துவிட்டது. எது தலைமைச் செய்தி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், சண்டை போட்டாவது. அதன் தலைப்புக்கு 42 பாயின்ட், அடுத்ததற்கு 24, மற்றதற்கு 18. 30, 28, 26 என்று வைத்தால் வித்தியாசமே தெரியாது. படமும் அப்படித்தான், சின்னச் சின்னதாக நாலு படம் போடுவதற்குப் பதில் மூன்று கால அகலத்துக்கு ஒரே படம் போடுங்கள்.

தலைப்பு விஷயத்துக்கு வருகிறேன். 'பெங்களூரு' வேண்டாம், உங்கள் வாசகர்கள் பெங்களூரில்தான் இருக்கிறார்கள். 'ரயில்' வேண்டாம். 'கடும் அவதி' யாருக்கும் ஒன்றும் சொல்லாது. 2025 பிப்ரவரியில் உச்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ஆனது, செய்தியே அந்த இரண்டு எண்ணில் இருக்கிறதே. 'மெட்ரோ: 60 ரூபாய் இனி 90' என்று ஒரே வரியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கலாம். மாணவர்கள் படும் பாட்டைக் கீழே 16 பாயின்ட்டில் துணைத் தலைப்பாக வையுங்கள். எந்த ஸ்டேஷனிலிருந்து கல்லூரிக்கு முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று ஒரு சின்ன அட்டவணையை பாக்ஸ் கட்டிப் போட்டால், பிள்ளைகள் செய்தியைப் படிக்கும் முன்னால் அதைத்தான் பார்ப்பார்கள்.

வரையத் தெரிந்த பையனோ பெண்ணோ இருந்தால் விடாதீர்கள். பாரதியார் ஆசிரியராக இருந்த 'இந்தியா' வார இதழ் 1906-இல் தொடங்கியது, தமிழில் கருத்துப்படத்தைப் பத்திரிகையின் முக்கியமான அங்கமாக ஆக்கிக் காட்டியது அதுதான். ஒரு நல்ல கோட்டோவியம் ஜெராக்ஸில் அடித்தாலும் பளிச்சென்று விழும், போட்டோ அப்படி விழாது.

கேள்வி: அண்ணா, கம்ப்யூட்டரில் சரியாக இருந்த எழுத்து அச்சகத்தில் சிதைந்துவிட்டது. ஒரு கட்டுரை மட்டும் முழுக்க ஆங்கில எழுத்தாக மாறிவிட்டது. இதற்கு என்ன வழி?
– மாணவர், சிவாஜிநகர்

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. நாங்கள் கல்லூரியில் நடத்திய பத்திரிகையின் முதல் இதழ், 500 பிரதி, பெண்கள் விடுதியில் தண்ணீர் வராததுதான் தலைமைச் செய்தி. கட்டைப் பிரித்தேன். 'பெண்கள்' என்ற சொல்லில் கொம்பு 'ப'வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. 42 பாயின்ட்டில். அன்று இரவு முழுக்க ஐந்து பேர் உட்கார்ந்து 500 தலைப்பின் மேலும் ஸ்டிக்கர் ஒட்டினோம்.

உங்களுக்கு நடந்தது இரண்டு தனித்தனிக் கோளாறு. கொம்பு இடம் மாறினால், யூனிகோட் (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) தமிழை நீங்கள் பக்கம் கட்டிய மென்பொருளுக்குச் சேர்த்துக் காட்டத் தெரியவில்லை என்று அர்த்தம். பழைய பேஜ்மேக்கரில் யூனிகோட் தமிழ் வரவே வராது. இன்டிசைனில் 'வேர்ல்டு ரெடி' கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால்தான் கொம்பும் துணைக்காலும் அதனதன் இடத்தில் நிற்கும். காசு இல்லாத மாணவர்களுக்கு நான் சொல்வது ஸ்கிரைபஸ், இலவசம், ஆனால் 1.4 பதிப்பு வேண்டாம், 1.6 எடுங்கள். முழுக் கட்டுரையும் ஆங்கில எழுத்தாக மாறினால் அது பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்தது. அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்காரவைத்தவை, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அடியில் இருக்கும் ஆங்கிலம்தான் தெரியும். பேராசிரியர்களிடமிருந்து வரும் கட்டுரைகளில் இது நிறைய வரும், வாங்கிய உடனே யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

அச்சகத்துக்குத் திறந்த ஃபைலைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். எழுத்துரு உள்ளே பதிந்த பிடிஎஃப் மட்டும் கொடுங்கள், அதையும் வேறு யாருடைய போனிலாவது திறந்து பார்த்துவிட்டு. எழுத்துருவுக்கு அலைய வேண்டாம்: உள்ளடக்கத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழ் அல்லது முக்தா மலர், தலைப்புக்கு ஹிந்த் மதுரை, எல்லாம் இலவசம். ஒரு இதழுக்கு இரண்டு எழுத்துருவுக்கு மேல் வேண்டாம். ரொம்பத் தடிமனான போல்டு போட்டால் மலிவுத் தாளில் மை பரவி 'ண', 'ஞ' சுழியெல்லாம் அடைத்துக்கொள்ளும், நடுத்தரத் தடிமன் போதும்.

கேள்வி: ஒரு பக்கம் கன்னடத்திலும் வேண்டும் என்று துறைத் தலைவர் சொல்கிறார். நண்பர்கள் அனுப்பும் படங்களும் அச்சில் மங்கலாக வருகின்றன. அதோடு போன தடவை மடித்தபோது பக்கமே மாறிவிட்டது.
– மாணவி, ஜாலஹள்ளி

பதில்: கன்னடப் பக்கத்தைச் சந்தோஷமாகச் சேருங்கள், கூடப் படிக்கும் கன்னடப் பிள்ளைகள் பத்திரிகையைக் கையில் எடுக்க அது ஒரு காரணமாக இருக்கும். ஆனால் தனிப் பக்கமாகக் கொடுங்கள். கன்னடத்தில் ஒத்தெழுத்து (கூட்டெழுத்தின் இரண்டாவது மெய்) வரிக்குக் கீழே தொங்கும், அதற்கு வேறு வரி இடைவெளி வேண்டும், தமிழோடு ஒரே காலத்தில் கலந்தால் இரண்டும் கெடும். தலைப்பு எழுத்து மட்டும் ஒரே குடும்பமாக இருக்கட்டும்: தமிழுக்கு பலூ தம்பி, கன்னடத்துக்கு பலூ தம்மா, இரண்டையும் ஒரே குழு ஒரே சாயலில் வரைந்திருக்கிறது. கன்னடத்தில் தம்மா என்றாலும் தம்பிதான்.

படத்துக்குக் கணக்கு இருக்கிறது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் ஒரு கால அகலத்துக்கு 700 பிக்சல், மூன்று காலத்துக்கு 2,200 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

பக்கம் மாறியதற்கு, இரண்டு ஏ3 தாளை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து, புத்தகம் மாதிரிப் புரட்டி 1 முதல் 8 வரை பேனாவால் எண் போடுங்கள். பிரித்துப் பார்த்தால் 8-ம் 1-ம் அருகருகே இருக்கும், அதன் முதுகில் 2-ம் 7-ம். இரண்டாவது தாளில் 6-ம் 3-ம், முதுகில் 4-ம் 5-ம். எந்த ஜோடியைக் கூட்டினாலும் 9 வர வேண்டும், வராவிட்டால் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். சுல்தான்பேட்டையில் தாள் வாங்கும்போது கையோடு இரண்டு ஏ3 தாள் கூடுதலாக வாங்கி இந்த மாதிரியைச் செய்து அச்சகக்காரரிடமே கொடுத்துவிடுங்கள், பேசிப் புரியவைப்பதைவிட அது சுலபம். இன்னொன்று, ஒரே படத்தை இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து விரிக்க ஆசை இருந்தால் 4, 5-இல் மட்டும் செய்யுங்கள். உள்ளே அந்த இடத்தில்தான் எதிரெதிர்ப் பக்கங்கள் ஒரே தாளாக இருக்கின்றன. 2, 3-இல் போட்டால் பாதிப் படம் ஒரு தாளிலும் பாதி இன்னொரு தாளிலும் விழுந்து, மடிப்பில் முகம் இரண்டாகப் பிரிந்து நிற்கும்.