சூடானதும் நின்றுவிடும் எம்ஜிபி: பழுது எங்கே?

கேள்வி: என்னிடம் 1970 மாடல் எம்ஜிபி ரோட்ஸ்டர் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. காலையில் சாவியைத் திருப்பியதுமே ஸ்டார்ட் ஆகிவிடும். இருபது நிமிடம் ஓடியதும் மிஸ் ஆக ஆரம்பித்து, நின்றே போகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி நன்றாக ஓடுகிறது. பிளக் மாற்றியாயிற்று, இரண்டு கார்புரேட்டரையும் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் போட்டுவிடலாமா? (பர்மிங்காமிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: கிட்டை இப்போது வாங்காதீர்கள். காயிலில் (பிளக்கின் பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டை உண்டாக்கும் சுருளில்) கோளாறு இருந்தால் கிட் போட்ட பிறகும் வண்டி அதே இடத்தில்தான் நிற்கும். சூட்டில் மட்டும் வரும் பழுதைச் சூட்டில்தான் பிடிக்க முடியும். வண்டி ஆறிய பிறகு எதைச் சோதித்தாலும் சரியாகவே காட்டும். அதனால் வீட்டு வாசலிலேயே இன்ஜினை ஓடவிட்டு, அங்கேயே நிற்கட்டும் என்று காத்திருங்கள். மோட்டார்வேயில் இந்த ஆராய்ச்சி வேண்டாம்.

இன்ஜின் திணறும்போது முதலில் இன்ஜின் வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டரைப் பாருங்கள். உங்கள் மாடலில் அது காயிலின் பிரைமரி சுற்றில் (பேட்டரி வோல்ட் வரும் பக்கத்தில்) ஓடும் கரண்டின் துடிப்பை எண்ணித்தான் முள்ளை நகர்த்துகிறது. இன்ஜின் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போதே முள் துள்ளினாலோ, சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தாலோ, பழுது பிரைமரி பக்கம்: பாயிண்ட் (காயிலின் கரண்டைத் திறந்து மூடும் சிறு சுவிட்ச்), கண்டென்சர் (அதனோடு சேர்ந்த சிறு மின்தேக்கி), காயிலுக்கு வரும் ஒயர், இக்னிஷன் சுவிட்ச். இன்ஜின் வேகம் குறையக் குறைய முள்ளும் ஒழுங்காக இறங்கினால் ரோட்டார் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழன்று பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் துண்டு), கேப் (டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி), காயிலின் செகண்டரி (உயர் வோல்ட் பக்கம்) அல்லது பெட்ரோல் மேல் சந்தேகம் வைக்கலாம். பெட்ரோலா என்று பார்க்க, வண்டி நின்றதும் சாவியை ஆன் செய்து பின்பக்கம் காது கொடுங்கள். அங்கே இருக்கும் எஸ்யு மின் பெட்ரோல் பம்ப் சில தடவை டிக் டிக் என்று அடித்து நின்றுவிட்டால் பெரும்பாலும் பெட்ரோல் வருகிறது என்று அர்த்தம். சத்தமே இல்லை, அல்லது நிற்காமல் படபடக்கிறது என்றால் பெட்ரோல் பக்கம் தேடுங்கள்.

அடுத்தது பொறி. டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் நடுவில் செருகியிருக்கும் தடித்த ஒயரைக் கழற்றி, இன்சுலேஷன் உள்ள பிளையரால் பிடித்து, அதன் நுனியை இன்ஜின் பிளாக்கிலிருந்து சுமார் 6 மி.மீ. தள்ளி வையுங்கள். கார்புரேட்டர் பக்கம் வேண்டாம், டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும் பக்கமே செய்யுங்கள். இன்னொருவர் செல்ஃப் அடிக்கட்டும். நீல நிறத்தில் சடசடவென்று பாய்ந்தால் காயிலும் கண்டென்சரும் வேலை செய்கின்றன. மெலிந்து, மஞ்சளாக, விட்டு விட்டு வந்தால் அந்த இரண்டில் ஒன்று சூட்டில் கைவிடுகிறது. நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு நான் முதலில் சந்தேகப்படுவது கண்டென்சரைத்தான்.

காரணம் இதுதான். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் ஏறக்குறைய 4 ஆம்பியர் ஓடுகிறது. பாயிண்ட் திறக்கும் கணத்தில் அந்தக் கரண்ட் பட்டென்று அறுபட்டால்தான் காயிலின் காந்தப்புலம் சரிந்து ஆயிரக்கணக்கான வோல்ட் எழும். கண்டென்சர் அந்தக் கணத்தில் கரண்டைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. அது செயலிழந்தால் கரண்ட் பாயிண்டின் இடைவெளியிலேயே தாவிப் பாய்ந்து வீணாகிறது. கேப்பைத் திறந்து, இன்னொருவர் செல்ஃப் அடிக்கும்போது பாயிண்டைப் பாருங்கள். அங்கே பெரிய நீலப் பொறி தொடர்ந்து தெரிந்தால், கண்டென்சரை மாற்றுவதற்கு வேறு சாட்சி தேவையில்லை. புதிதாக வாங்கும் கண்டென்சர் எல்லாம் நல்லது என்று நம்பிவிடாதீர்கள். இப்போது விற்பவற்றில் மட்டமானவை நிறைய.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். சாவி ஆன், பாயிண்ட் மூடிய நிலை: காயிலின் பிளஸ் முனையில் பேட்டரி வோல்ட் கிட்டத்தட்ட முழுதாக இருக்க வேண்டும், மைனஸ் முனையில் ஏறக்குறைய பூஜ்யம். மைனஸில் வோல்ட் தங்கினால் பாயிண்ட் அழுக்கு, அல்லது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சிறு ஒயர் அறுந்திருக்கிறது. வேக்குவம் அட்வான்ஸ் (இன்ஜினின் உறிஞ்சலால் பொறி விழும் நேரத்தை முன்தள்ளும் பாகம்) பாயிண்ட் தட்டை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஒயர் மடங்கி மடங்கி, மேல் உறை முழுதாக இருக்கும்போதே உள்ளே செம்பு இழை அறுந்துபோகும். விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். ரப்பர் போல நீண்டால் உள்ளே ஒன்றுமில்லை. பாயிண்ட் திறந்த நிலையில் மைனஸ் முனை 12 வோல்ட்டுக்கு ஏற வேண்டும். பூஜ்யத்திலேயே கிடந்தால் கண்டென்சர் ஷார்ட், அல்லது பாயிண்ட் ஸ்பிரிங்கின் இன்சுலேட்டர் வாஷரை இடம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். பாயிண்ட் மூடியபடி சாவியை நெடுநேரம் ஆனில் விடாதீர்கள், காயில் கொதித்துவிடும்.

காயிலின் இரண்டு சிறு முனைகளிலும் ஒயரைக் கழற்றிவிட்டு ஓம் அளந்து பாருங்கள். உங்கள் மாடலுக்குச் சுமார் 3 ஓம் வேண்டும். 1.5 ஓம் அருகில் காட்டினால் யாரோ 1974-க்குப் பிந்தைய ரப்பர் பம்பர் மாடலின் காயிலை மாட்டியிருக்கிறார்கள். அதற்கு பேலஸ்ட் ஒயர் (கரண்டைக் குறைக்கும் தடை ஒயர்) வேண்டும். உங்கள் வண்டியில் அது கிடையாது. அந்தக் காயில் சூடாகிச் சாவதும், பாயிண்ட் கருகுவதும் நிச்சயம்.

நடு ஒயரில் பொறி நன்றாக இருந்தும் பிளக்குக்கு வரவில்லையா? ரோட்டாரைப் பாருங்கள். கேப் இல்லாமல், நடு ஒயரின் நுனியை ரோட்டாரின் பித்தளைக்கு 3 மி.மீ. மேலே பிடித்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பொறி தொடர்ந்து ரோட்டாருக்குள் பாய்ந்தால், அது உள்ளே ரிவெட் வழியாக ஷாஃப்ட்டுக்குக் கசிகிறது. ரிவெட் இல்லாத ரோட்டாராகத் தேடி வாங்குங்கள்.

பழுதான பாகத்தை மட்டும் மாற்றுங்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமலே போகும். பாயிண்டைத் தொட்டால் இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு வைத்துவிட்டு, அதற்குப் பிறகே டைமிங்கை (பொறி விழும் நேரத்தை) பாருங்கள். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். இன்ஜின் நின்ற நிலையில் அது டிடிசிக்கு (பிஸ்டன் உச்சியில் இருக்கும் நிலைக்கு) 10 டிகிரி முன்பு. பிறகு மறுபடி அரை மணி நேரம் வாசலிலேயே ஓடவிட்டு, டேக்கோமீட்டர் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்த பின் சாலைக்கு எடுங்கள்.