கொப்பி நிறைய எண்கள் எழுதும் மகனுக்கு எந்தப் படிப்பு?

அன்புள்ள அம்மா,

உயர்தரப் பரீட்சை நெருங்குகிறது, மகனோ பாஸ்ட் பேப்பரை மூடிவைத்துவிட்டு எண்களைப் பிரித்துப் பிரித்து எழுதுகிறார் என்று வெள்ளவத்தையிலிருந்து எழுதியிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய பக்கத்தை ஆறுதலாகப் பார்த்தேன். அது வீண்வேலை இல்லை.

5 என்ற எண்ணை நேர் முழுவெண்களின் கூட்டலாக எழுதுகிறார். 4+1 வேறு, 1+4 வேறு. ஐந்து ஒன்றுகளை வரிசையில் வைத்தால் இடையில் நான்கு இடைவெளிகள். ஒவ்வொன்றிலும் வெட்டலாம், விடலாம். ஆகவே 2×2×2×2, மொத்தம் 16. இது சுலபம். அதற்கு மேல் அவரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: எந்த எண்ணும் இரண்டு தடவைக்கு மேல் வரக்கூடாது. உடனே வெட்டும் வழி உதவாமல் போகிறது. அவர் முதலில் எண்களைத் தெரிந்தெடுத்து, பிறகு இடம் மாற்றி எண்ணுகிறார். 5 தனியே 1. 4,1 என்றால் 2. 3,2 என்றால் 2. 3,1,1 என்றால் 3. 2,2,1 என்றால் 3. மொத்தம் 11. ஒன்றும் விடுபடவில்லை, ஒன்றும் இரட்டிக்கவில்லை.

மகனின் நிபந்தனைக்குப் பதிலாக, அடுத்தடுத்து ஒரே எண் வரக்கூடாது என்றால் விடை 7. இந்த வகையை லெனார்ட் கார்லிட்ஸ் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் 1976இல் ஆராய்ந்தார்; இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். அதற்குக் கடைசியாக எழுதிய எண்ணை நினைவில் வைத்தால் போதும். மகனின் நிபந்தனைக்கோ இதுவரை வந்த எண்கள் எல்லாவற்றையும் நினைவில் வைக்க வேண்டும். எதை நினைவில் வைப்பது, எதை விடுவது என்ற இந்தக் கேள்விதான் புரோகிராம் எழுதுபவருக்கும் தினமும் வருகிறது.

சரி, வேலை? தூய கணிதத்தை மட்டும் நம்பினால் இலங்கையில் வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் கற்பித்தல், அல்லது வெளிநாட்டில் மேற்படிப்பு. ஆனால் கணிதத்தோடு கணினியோ புள்ளிவிபரவியலோ சேர்ந்தால் மென்பொருள், தரவு ஆய்வு, வங்கி, காப்புறுதி என்று கதவுகள் திறக்கும். கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் பௌதிக விஞ்ஞானம், அதே பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் இரண்டையும் நான் முன்னுக்கு வைப்பேன். அப்பா விரும்பும் பொறியியலையும் தள்ளிவிட வேண்டாம். மொறட்டுவையில் கணினிப் பொறியியல் கிடைத்தால் இந்தத் திறமை அங்கேயும் வீணாகாது.

இதற்கெல்லாம் முதலில், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி வேண்டும். அது மூன்று பாடங்களையும் சேர்த்துத்தான் வரும். இரசாயனவியலில் பின்தங்குகிறார் என்று நீங்களே சொல்கிறீர்கள். என் கவலை அங்கேதான், கொப்பியில் இல்லை. கொப்பியைப் பறிக்காதீர்கள். பறித்தால் இரசாயனவியல் மீது வெறுப்புத்தான் கூடும். பின்னேரம் இரசாயனவியல், படுக்க முன் அரை மணித்தியாலம் கொப்பி என்று அவரோடு பேசி முடிவெடுங்கள். பல்கலைக்கழகத்தில் பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கும் என்பதால், தன் கணக்கை ஆங்கிலத்திலும் விளக்கி எழுதச் சொல்லுங்கள்.

பரீட்சை முடிந்ததும் பைதன் என்ற கணினி மொழியைப் பழகட்டும். இதே நிபந்தனையோடு 20, 30 என்ற எண்களுக்கு எத்தனை வழி என்று கணினியால் எண்ணிப் பார்க்கட்டும். விடை கிடைத்ததும் ஓய்ந்துவிடுகிறாரா, "ஏன் இப்படி வருகிறது?" என்று கேட்டுக்கொண்டு மேலே போகிறாரா என்று கவனியுங்கள். முதலாவது என்றால் கணினிப் பக்கம், இரண்டாவது என்றால் கணிதப் பக்கம். பெறுபேறு வந்தபின், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் விருப்ப வரிசையை நிரப்ப முன், அப்பாவையும் கூட்டிக்கொண்டு மூவருமாக வாருங்கள்.