கமிஷன் கணக்குக்கு எத்தனை கிளாஸ்?

அன்புள்ள ஐயா,

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுகிறோம். சில விவசாயிகளுக்குச் சதவீதக் கமிஷன், சிலருக்குக் கிலோவுக்கு இவ்வளவு, முன்பணம் வாங்கியவர்களுக்குத் தனிக் கணக்கு. நான் இஃப்-எல்ஸில் (இன்னாரென்றால் இந்தக் கணக்கு, இல்லையென்றால் அந்தக் கணக்கு என்று) எழுதிவிட்டேன். சீனியர் அண்ணன் ஸ்ட்ராடஜி பேட்டர்னுக்கு, அதாவது ஒவ்வொரு கணக்கு முறையையும் தனித்தனி கிளாஸாக (கோடிங்கின் தனிப் பகுதியாக) பிரித்து எழுதும் முறைக்கு, மாற்றச் சொல்கிறார். பில் போட்டதும் நடக்கிற பேரேடு, எஸ்எம்எஸ் இரண்டையும் அப்சர்வரில் (ஒன்று நடந்ததும், அதற்காகக் காத்திருக்கும் வேலைகள் தானாக ஓடும் முறை) விடலாம் என்கிறார். யார் சொல்வது சரி?

கா., மதுரை

அன்புள்ள கா.,

கமிஷனில் இப்போதைக்கு நீங்கள்தான் சரி. மல்லி விலை விடிகாலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று. முகூர்த்த நாளென்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் அது டேட்டாபேஸ் டேபிளில் மாறுகிற எண். சதவீதமும் அப்படித்தான். கணக்குப் போடும் விதமே மாறினால்தான் கோடிங்கில் கைவைக்க வேண்டும்.

ஸ்ட்ராடஜி என்றால் எல்லாக் கிளாஸுக்கும் பொதுவான வரையறையாக ஒரு இன்டர்ஃபேஸ், மூன்று கிளாஸ், அப்புறம் இந்த விவசாயிக்கு எந்த கிளாஸ் என்று தேர்ந்தெடுக்க ஓர் இடம். அங்கே போய்ப் பாருங்கள், உங்கள் இஃப் அப்படியே உட்கார்ந்திருக்கும்! எரிக் காமா உள்ளிட்ட நால்வர் 1994-ல் எழுதிய ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ புத்தகத்தில், இப்படி அடிக்கடி வரும் சிக்கல்களுக்கான 23 பேட்டர்ன்கள். ஒவ்வொன்றுக்கும் அதன் விளைவுகளைத் தனியாகவே எழுதியிருக்கிறார்கள். ஸ்ட்ராடஜியில், கிளாஸிலிருந்து உருவாகும் ஆப்ஜெக்ட் எண்ணிக்கை கூடும் என்று அதிலேயே இருக்கிறது. நம் ஆட்கள் படத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுகிறார்கள்.

அண்ணன் பேச்சு எடுபடும் இடமும் உண்டு. இதே சாஃப்ட்வேரை நாலு கடைக்கு விற்கப் போகிறீர்கள், கடைக்கொரு கணக்கு என்றால், ஓடிக்கொண்டிருக்கும் கணக்கைத் தொடாமல் புதியதைச் சேர்க்க ஸ்ட்ராடஜிதான் வசதி. அப்படி ஒரு திட்டம் உண்டா என்று முதலாளியிடம் கேளுங்கள்.

அப்சர்வர் விஷயத்தில்தான் எனக்குப் பயம். பேரேட்டை அதில் விட்டால், பில் போடும் இடத்தைப் படிப்பவருக்குப் பேரேடு எழுதப்படுவதே தெரியாது. சாதாரணமாக எழுதிய அப்சர்வரில், முன்னால் நிற்பது எரர் அடித்தால் பின்னால் நிற்பது ஓடாமலே போகலாம். எஸ்எம்எஸ் போகவில்லை என்பதற்காக விவசாயியின் வரவு விட்டுப்போனால், கணக்கு முடிக்கும் நாளில் கடைக்காரர் என்ன பதில் சொல்வார்?

பில்லும் பேரேடும் ஒரே டிரான்சாக்‌ஷனில், நேரடியாகக் கூப்பிட்டே இருக்கட்டும்; பதிவானால் இரண்டும் பதிவாகும், இல்லாவிட்டால் இரண்டுமே ஆகாது. எஸ்எம்எஸ்ஸை மட்டும் அப்சர்வருக்குக் கொடுங்கள், அதுவும் கமிட் ஆன, அதாவது பதிவு உறுதியான பிறகு. இல்லாவிட்டால் ரோல்பேக் ஆகி ரத்தான பில்லுக்கும் செய்தி போய்விடும்.