இயற்கைப் பருத்தியும் நொய்யல் உப்பும்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 24, கோவையில் வேலை. நண்பர்கள் சிலர் சேர்ந்து பழைய உடைகளையெல்லாம் கொடுத்துவிட்டு இயற்கைப் பருத்திக்கு மாறிவிட்டோம். ஸ்டீல் பாட்டில், மூங்கில் பிரஷ், துணிப்பை எல்லாம் வந்துவிட்டன. இந்த மாற்றத்தை முன்னெடுப்பது இளைஞர்கள்தான். வீட்டுப் பெரியவர்களோ வீண் செலவு என்கிறார்கள். அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

ச.

அன்புள்ள ச.,

வாங்கும் பொருளைப் பற்றி இந்த வயதிலேயே இவ்வளவு யோசிக்கிறீர்களே, மனம் நிறைகிறது. பாட்டிலும் பிரஷ்ஷும் இருக்கட்டும். ஆனால் உடுத்தக்கூடிய துணியைக் கொடுத்துவிட்டு அலமாரி முழுக்கப் புதிது வாங்கியிருக்கிறீர்கள். வீட்டில் சொன்னது சரிதான்.

பருத்தி பூச்சிமருந்தில்லாமல் விளைந்தது, சரி. அதற்குச் சாயம் எங்கே ஏற்றினார்கள்? பருத்தியில் சாயம் எளிதில் பிடிக்காது. உப்புப் போட்டுத்தான் பிடிக்கவைக்கிறார்கள். அடர்நிறமென்றால் லிட்டருக்கு 60, 80 கிராம்கூட ஆகும். சாயம் துணியில் ஏறிவிடும், உப்பு தண்ணீரிலேயே நிற்கும். பழைய சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தை நீக்கின, உப்பை விட்டுவிட்டன. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் அந்தத் தண்ணீர் நொய்யல் ஆற்றில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்கென்று கட்டிய அணை அது! அதன் கீழே என் பெரியப்பாவின் தோட்டம் இருந்தது. தண்ணீர் பாய்ச்சிய வாய்க்கால் காய்ந்தால் கரையெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். மாடு தொட்டியில் வாய்வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். தென்னை குரும்பையிலேயே உதிர்த்தது. பெரியப்பா அந்தக் குரும்பைகளைப் பொறுக்கி வரப்பில் குவித்துக்கொண்டே இருப்பார்.

முன்னெடுப்பது இளைஞர்கள்தான் என்கிறீர்களே, நீதிமன்றப் படியேறியவர்கள் நொய்யல் பாசன விவசாயிகள். கழிவுநீரை ஆற்றில் விடக்கூடாது என்று 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடக்கவில்லை. 2011 ஜனவரியில் பட்டறைகளையே மூட உத்தரவிட்டது. அப்போது நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். அவர்களைத் தெரிந்துகொள்ளாமல் இப்படி எழுதாதீர்கள்.

இப்போது அந்தக் கழிவுநீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுத்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். நல்ல காரியம். ஆனால் உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்க எரிபொருளும் மின்சாரமும் வேண்டும். அதனால்தான் இருக்கும் சட்டையைக் கிழியும்வரை உடுத்துங்கள் என்கிறேன். வாங்கியே ஆகவேண்டுமென்றால், சாயம் எங்கே ஏற்றியது, கழிவுநீர் எங்கே போகிறது என்று கடையில் கேளுங்கள். தெரியாது என்றால் துணியை விற்கும் நிறுவனத்துக்கு எழுதுங்கள். உங்கள் நண்பர்களையும் எழுதவையுங்கள், பதில் வரும்வரை விடாதீர்கள்.