அயனியும் யவனரும்

கேள்வி: படிவம் நான்கில் படிக்கும் என் மகளின் வேதியியல் பாடத்தில் மலாயில் 'இக்காத்தான் இயோன்', அதாவது அயனிப் பிணைப்பு, வருகிறது. கிரேக்கக் கட்டடக்கலையில் 'அயோனிக் தூண்' என்கிறார்கள். இரண்டும் ஒரே சொல்தானா?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: இல்லை. எழுத்தில் ஒன்றுபோல் தெரிந்தாலும் வேர் வேறு.

வேதியியலின் அயனி என்பது மின்னூட்டம் பெற்ற துகள். ஆங்கிலத்தில் அயான், கிரேக்கத்தில் 'இயோன்'. 'போவது' என்று பொருள். மின்சாரம் பாயும்போது கரைசலில் மின்முனையை நோக்கிப் போகும் பொருளுக்கு 1834இல் மைக்கேல் ஃபாரடே இந்தப் பெயரை வைத்தார். சொல்லை எடுத்துக் கொடுத்தவர் கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெல். அந்தக் கிரேக்க வேரும் வடமொழி 'அயன'த்தின் வேரும் ஒரே குடும்பத்தவை. தை மாதத்தில் உத்தராயணம் என்கிறோமே, சூரியன் வடக்கே போவது, அதில் இருக்கும் அயனம்தான். மகளுக்கு இதைச் சொல்லுங்கள். சூத்திரத்தைவிட நன்றாக மனத்தில் நிற்கும். தேர்விலும் உதவும். உப்புக் கல்லுக்குள்ளேயே அயனிகள் இருக்கின்றன, ஆனால் போக வழியில்லாமல் இறுகிக் கிடக்கின்றன. அதனால் உலர்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. நீரில் கரைந்தாலோ 801 பாகை செல்சியஸில் உருகினாலோதான் கடத்தும்.

அயோனிக் என்பது ஊரிலிருந்து வந்த பெயர். இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில், மிலேட்டஸ், எபேசஸ் நகரங்கள் இருந்த பகுதி அயோனியா. அந்தப் பாணித் தூணின் தலையில் இருபுறமும் ஆட்டுக்கடாக் கொம்புபோல் சுருள் இருக்கும். உடலில் வழக்கமாக 24 பள்ளக்கோடுகள். இரண்டு பள்ளங்களுக்கு நடுவே தட்டையான பட்டை. டோரிக் என்ற இன்னொரு கிரேக்கப் பாணித் தூணிலோ பெரும்பாலும் 20 பள்ளங்கள்தான், விளிம்பும் கூராக இருக்கும். பினாங்கின் ஜார்ஜ் டவுன் ஃபார்குவார் தெருவில் 1818இல் கட்டி முடித்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தின் முகப்புத் தூண்களை அயோனிக் என்று காட்டிவிடாதீர்கள். தலையில் சுருள் இல்லை, அவை டோரிக்.

அந்த அயோனியரைத்தான் பாரசீகர் 'யௌனா' என்றனர், வடமொழி 'யவன' என்றது, சங்கப் பாடல்கள் யவனர் என்றன. பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய கப்பல்காரர்கள் அவர்கள். அதற்குள் அந்தப் பெயர் ரோமானியர் உட்பட மேற்கத்தியர் எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது. மலாயில் கிரேக்கத்தை 'யுனானி' என்பதும், யுனானி மருத்துவமும் அதே பெயரின் வழிதான்.

கேள்வி: உப்புநீரில் விளக்கு எரியும், சர்க்கரை நீரில் எரியாது என்ற சோதனையை வீட்டில் செய்தோம். சர்க்கரை நீரிலும் மங்கலாக எரிகிறது. எங்கே தவறு?
- வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: குழாய் நீரில் கலக்கியிருப்பீர்கள். அதில் கால்சியம், குளோரைடு அயனிகள் ஏற்கெனவே இருக்கின்றன. காய்ச்சி வடித்த நீர் 200 மில்லி எடுத்துக்கொள்ளுங்கள். 9 வோல்ட் பேட்டரி, சிவப்பு எல்.இ.டி. ஒன்று, அதனோடு தொடராக 330 ஓம் மின்தடை. மின்தடை இல்லாவிட்டால் எல்.இ.டி. கருகிவிடும். எல்.இ.டி.யின் நீளக் கால் பேட்டரியின் நேர்முனைப் பக்கம் இருக்கட்டும். மாற்றினால் உப்புநீரிலும் எரியாது. மின்முனைக்கு இருபக்கமும் சீவிய பென்சில்கள் இரண்டு போதும், 2 சென்டிமீட்டர் இடைவெளியில். செம்புக் கம்பியை முக்கினால் அதுவே கரைந்து நீரைக் கெடுத்துவிடும்.

சர்க்கரையை முதலில் சோதியுங்கள், உப்பை (ஒரு தேக்கரண்டி) கடைசியில். உப்பு ஒட்டிய கரண்டியால் சர்க்கரையைக் கலக்குவதுதான் அடிக்கடி நடக்கும் இன்னொரு பிழை. உப்புநீரில் ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் ஓடவிட வேண்டாம். நேர்முனையில் குளோரின் வாயு வரும். சன்னலைத் திறந்து வையுங்கள்.

கேள்வி: அப்படியானால் அயோடின் எந்தக் குடும்பம்?
- மாணவி, பாலிக் பூலாவ்

பதில்: சொல்லளவில், அயனி, அயோனிக் இரண்டிலும் சேராத மூன்றாவது குடும்பம். கிரேக்கத்தில் ஊதாநிற வயலட் பூவுக்கும் 'இயோன்' என்றே பெயர். 1811இல் பெர்னார் கூர்த்துவா கடற்பாசிச் சாம்பலில் கந்தக அமிலத்தைச் சேர்த்தபோது எழுந்த ஆவி அந்தப் பூவின் நிறத்தில் இருந்தது.