பையன் ராத்திரி பூரா எரர் பாக்குதான், பேங்க் கோச்சிங்ல சேக்கவா?

அண்ணாச்சி, உங்க மெசேஜும் தம்பி எடுத்த ஸ்க்ரீன்ஷாட்டும் பாத்தேன். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஒப்பேறாம கெடக்கு, பேசாம பாளையங்கோட்டைல பேங்க் எக்ஸாம் கோச்சிங்ல போட்டுருவமான்னு கேட்டிருக்கீங்க. இப்ப வேண்டாம். அந்த பரீட்சைய டிகிரி முடிச்சிட்டும் எழுதலாம், ஆனா தம்பி இப்ப முட்டிக்கிட்டு நிக்குத வேலைய பாதில விட்டா திரும்ப தொட மாட்டான்.

அவன் செய்யுதது க்ராஸ் கம்பைல். லேப்டாப்ல உக்காந்துகிட்டு போனுக்குள்ள இருக்க ஆர்ம் ப்ராசஸர்ல ஓடுத மாதிரி சி ப்ரோக்ராம உருவாக்கணும், வண்ணார்பேட்டை டெய்லர் துபாய்ல இருக்க மாப்ளைக்கு சட்டை தைக்குத மாதிரிதான், பக்கத்துல நிக்கவன் அளவ எடுத்துட்டா போச்சு. தம்பிக்கு நடந்ததும் அதான். "ஸ்கிப்பிங் இன்கம்பேட்டிபிள்"னு வருதுல்லா, லிங்கர், அதாவது துண்டு துண்டா இருக்க கோட ஒண்ணாச் சேக்குத டூல், போனோட லைப்ரரிய (ரெடிமேடா எழுதி வச்ச கோட்) விட்டுட்டு லேப்டாப்ல இருக்கத எடுத்துப் பாக்குதுன்னு அர்த்தம், அனேகமா லைப்ரரி எங்க இருக்குன்னு சொல்லுத பிகேஜி கான்ஃபிக் (pkg-config) டூல் காட்டுத ஃபோல்டர் வழிதான் தப்பா இருக்கும்.

ஒரே நேரத்துல பல வேலைய ஓட்ட உதவுத பிதிரெட் (pthread) லைப்ரரி இல்லன்னு வருதத பாத்து பயந்து மறுபடி மறுபடி எல்லாத்தையும் இன்ஸ்டால் பண்ணிருக்கான், பாவம். ஆண்ட்ராய்டுல அது தனி லைப்ரரியே கெடையாது, பயோனிக்ங்கிற அதோட சி லைப்ரரிக்குள்ளயே இருக்கு, எப்படி பில்ட் பண்ணணும்னு எழுதிருக்க மேக்ஃபைல்ல பிதிரெட்ட கேக்குத அந்த ஒத்த ஃப்ளாக்க எடுத்தா போதும். அப்புறம் அவன் பாக்குத டுடோரியல் ரொம்ப பழசு. ஆண்ட்ராய்டுக்கு சி ப்ரோக்ராம் உருவாக்குத டூல் செட்டான என்டிகேயோட ஆர்18 வெர்ஷன்ல, 2018லயே ஜிசிசிங்கிற கம்பைலர தூக்கிட்டாங்க, இப்ப க்ளாங்ங்கிற கம்பைலர்தான். கம்பைலர் பேர் கூடவே எந்த ஆண்ட்ராய்டு வெர்ஷன்லேருந்து ஓடணும்னு சொல்லுத ஏபிஐ (API) லெவல் நம்பரும் வரும், ஆண்ட்ராய்டு21னு, அத விட்டுரக்கூடாது.

தம்பிகிட்ட இத மட்டும் அழுத்திச் சொல்லுங்க: கடைசி எரர பாக்காண்டாம், மொத எரர பாக்கணும். மேக் கமாண்ட்ல, ஒரே நேரத்துல பல ஃபைல கம்பைல் பண்ணுத ஜே (-j) ஆப்ஷன எடுத்துட்டு ஓட்டுனா எல்லாம் வரிசையா வரும். பில்டுக்கு முந்தி வருத கான்ஃபிகர் கட்டத்துலயே நின்னுட்டுன்னா config.logங்கிற ஃபைலத் தொறந்து பாக்கணும், கம்பைலர மாத்துனா முந்தி கம்பைல் பண்ணி வச்ச பழைய ஆப்ஜெக்ட் ஃபைல் ஒண்ணு விடாம அழிச்சிட்டு ஆரம்பிக்கணும். முடிஞ்சதும், உருவான ஃபைல் எந்த ப்ராசஸருக்குன்னு காட்டுத ரீட்எல்ஃப் (readelf) கமாண்ட போட்டு, மெஷின்ங்கிற எடத்துல 64 பிட் ஆர்மக் குறிக்குத AArch64னு வருதான்னு பாக்கணும்.

வேலை கெடைக்குமான்னு கேட்டீங்க. வெப் வேலை அளவுக்கு இதுல ஃப்ரெஷருக்கு எடம் இல்ல, உள்ளதச் சொல்லுதேன், அதனால சி, டேட்டா ஸ்ட்ரக்சர் ரெண்டையும் விடாம படிக்கணும். ஆனா மொபைல் சிப், கார் எலக்ட்ரானிக்ஸ், செட்டாப் பாக்ஸ் பக்கம் போறவனுக்கு இது தெனசரி சோறு. பில்ட் ஃபெயிலானா மொதல்ல எங்க பாப்பன்னு இன்டர்வியூல கேட்டா, பட்டு தெரிஞ்சிக்கிட்ட பையன் பேசுததே தனியா தெரியும். ஒவ்வொரு எரரும் ஏன் வந்துது, எப்படி போச்சுன்னு ஒரு நோட்டுல எழுதிட்டே வரச் சொல்லுங்க.

ராத்திரி "முடிஞ்சிட்டால?"னு கேக்காதீங்க அண்ணாச்சி, "இன்னைக்கு எந்த எரர் போச்சு"ன்னு கேளுங்க. ரிவ்யூக்கு நாள் கம்மியா இருந்தா நாலு வகை ப்ராசஸருக்கும் பில்ட் பண்ண வேண்டாம், ஆர்ம் 64 மட்டும் பில்ட் பண்ணா போதும், ப்ளே ஸ்டோரே 2019 ஆகஸ்ட்லேருந்து 64 பிட் கட்டாயம்னு சொல்லுது. பிதிரெட்ட எடுத்துட்டு ஓட்டிப் பாத்து, அதுல வருத மொத எரர எனக்கு அனுப்பச் சொல்லுங்க, நான் பாக்கேன்.